குடோன்: கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்த சொல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் 'குடோன்' என்றாலே முதலில் ஞாபகம் வருவது அந்த வாடைதான். உப்புப் போட்ட பச்சைத் தோல் அடுக்கடுக்காகக் கிடக்கும் இடம். உரித்த தோலுக்கு உப்புப் போடாவிட்டால் சீக்கிரம் அழுகிவிடும். பதனிடும் வரை வெயில், மழை படாமல் அதை வைக்க ஒரு கூரை வேண்டும். அதுதான் குடோன்.

இது இங்கிலீஷ் வார்த்தை, 'கிடங்கு' அதன் தமிழாக்கம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். "கோ டவுன்", அதாவது கீழே இறங்கிப் போகிற இடம் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விஷயம் வேறு!

யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி சொல்வது இது: தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி. சரக்கு கிடக்கிற இடம். 'கிட' என்பதுதான் வேர். வணிகர்களோடு இந்தச் சொல் மலாய் நாட்டுக்குப் போய் 'குடாங்' ஆனது. அங்கிருந்து ஐரோப்பியர் வாயில் நுழைந்து 'கோடவுன்' ஆகி, திரும்ப நம் ஊருக்கே வந்து குடோன் ஆகிவிட்டது. ஆக, கிடங்குதான் மூலம்.

பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழி என்றும் பொருள். 16-ம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வேலூர்க் கோட்டையைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறதே, அதுவும் கிடங்குதான்!

இந்தக் கூரைக்குக் கீழே சரக்கு மட்டும் இருக்கவில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் லேவாதேவி நடத்திய இடத்துக்குக் 'கிட்டங்கி' என்றே பெயர். பகலில் அங்கேயே கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை.

நம் பக்கத்திலும் அப்படித்தான். பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களில் பலருக்கு வேலை செய்யும் இடமே வீடு. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்து, அங்கேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்.

'கிட' என்ற சொல்லைச் சரக்குக்குச் சொன்னால் தவறில்லை. மனிதனையும் அதே இடத்தில் கிடக்க விடுவதுதான் தவறு. தோலுக்கு ஒரு கூரை போட யோசிக்கிற நாம், தோலைப் பதனிடுகிறவனுக்கும் தனியாக ஒரு கூரை வேண்டும் என்று யோசிக்க வேண்டாமா நண்பர்களே?