குப்பை வந்த வழி



2018 ஜனவரியில் சிங்கப்பூருடன் நமது நாடு சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. அதன் பொருட்பட்டியலில் கழிவு வகைகளும் இருப்பதாகச் சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். இறக்குமதிச் சட்டம் தடுக்கும் என்றது அரசு.

ஆனால் 2019இல் கொழும்புத் துறைமுகத்தில் பிரித்தானியக் கழிவுக் கொள்கலன்கள் பிடிபட்டன. அவை சிங்கப்பூர் உடன்படிக்கையால் வந்தவையல்ல. மீள்ஏற்றுமதிக்கென வர்த்தக வலயத்துக்குக் கொடுத்த சலுகையால் நுழைந்தவை. சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022 பெப்ரவரியில் கடைசிக் கொள்கலனும் திரும்பிப் போனது.

அதே 2019இல்தான் கொழும்புக் குப்பை நமது அருவக்காட்டுக்கு வந்தது. கடல் கடந்து வந்ததைத் திருப்பியனுப்பச் சட்டம் இருந்தது. கொழும்பிலிருந்து வந்ததை நாம் எங்கே அனுப்புவது?

அடுத்த உடன்படிக்கை பற்றிய செய்தி வந்தால், பட்டியலில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். குப்பை கடைசியில் இறங்குவது நம்மைப் போன்ற ஊர்களில்தான்.