சித்தூரில் ஒரு திருமணமும் கால்வ் நகரின் சிறார் நூல்களும்

சித்தூரின் வரலாற்றை எழுதுவோர் பாளையக்காரர்களையும், 1911 வரை வடாற்காடு மாவட்டத் தலைநகராக அவ்வூர் விளங்கியதையும் தவறாமல் குறிப்பிடுவர். ஜெர்மானியச் சிறார் இலக்கியத்தோடு அவ்வூருக்கு இருந்த உறவை எவரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

கிறிஸ்டியான் கோட்லோப் பார்த் 1799இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். மோட்லிங்கன் என்னும் சிற்றூரில் போதகராக இருந்துகொண்டே சிறுவர்களுக்குக் கதைகள் எழுதினார். 1832இல் வெளிவந்த அவரது விவிலியக் கதைநூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுக் கண்டங்களைக் கடந்தது. 1833இல் கால்வ் பதிப்பகச் சங்கத்தைத் தொடங்கினார். 1836இல் இளையோருக்கான இதழொன்றையும் தொடங்கினார். 1838இல் போதகர் பணியைத் துறந்து கால்வ் நகரிலேயே குடியேறினார். இந்திய மண்ணை அவர் மிதித்ததேயில்லை. மிஷனரிகள் எழுதிய கடிதங்களே அவருக்கு இந்தியா.

அதே 1838 ஜூலையில், திருமலைக் கோயிலின் நிர்வாகம் இன்னும் கம்பெனி அரசின் கையிலிருந்த நாளில், சித்தூரில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் 24 வயது ஹெர்மன் குண்டர்ட். மணமகள் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜூலி துபுவா. அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் குழுவினரோடு வந்த இருவரும் சில மாதங்களில் மங்களூருக்குப் பெயர்ந்தனர். பின்னர் தலைச்சேரியும் மலையாளமும் குண்டர்ட்டை ஆட்கொண்ட கதை பலரும் அறிந்ததே.

1859இல் தாயகம் திரும்பிய குண்டர்ட், பார்த்துக்குத் துணையாகக் கால்வ் சென்றார். 1862இல் பார்த் மறைந்தபின் பதிப்பகப் பொறுப்பை ஏற்று, முப்பதாண்டுக் காலம் அதை நடத்தினார். இந்தியாவைக் காணாதவரின் நாற்காலியில், இங்கே இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் அமர்ந்தார். அவ்வீட்டுச் சூழலில் வளர்ந்த பேரன்தான் ஹெர்மன் ஹெஸ்ஸெ.

குண்டர்ட்டை நாம் 1872இன் மலையாள அகராதியைக் கொண்டே அளக்கிறோம். மிஷனரிகள் நம் மொழிகளுக்குத் தந்தவற்றைக் கணக்கிடும் ஆய்வுகள் ஏராளம். நம்மைப் பற்றி அவர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன சொன்னார்கள் என்பது ஏறத்தாழ ஆராயப்படாத களம். சந்தாதாரர்களின் நெஞ்சை உருக்கவே எழுதப்பட்ட கடிதங்களில், மீட்பை எதிர்நோக்கும் நாடாகவே இந்தியா தோன்றியிருக்கும் எனக் கருதுகிறேன். கேரளோற்பத்தியைப் பதிப்பித்த குண்டர்ட்டின் பொறுப்பில் அச்சித்திரம் மாறியதா? பார்த் காலத்து இதழ்களையும் 1862க்குப் பிந்தைய இதழ்களையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி விடை கிட்டாது.

குண்டர்ட்டின் 1837 முதல் 1859 வரையிலான நாட்குறிப்பு ஜெர்மன் மொழியில் 1983இல் அச்சேறியது. திருப்பதியில் வரலாறு பயிலும் மாணவர் எவரேனும் ஜெர்மன் கற்க முன்வந்தால், அதன் தொடக்க ஆண்டுகளிலிருந்தே இந்த ஆய்வைத் தொடங்கலாம்.