கடைசிக் கட்டம்
1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் நம் கதைகளில் எப்போதும் வரிசையில் நிற்கிறார்கள். யாரோ அரிசி அளந்து போடுகிறார்கள். எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கமும் அப்படித்தான் பேசுவாங்க. நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஓர் அகதிகள் உதவி அமைப்பில் இன்டர்னாகச் சேர்ந்தபோது வேலை சொல்லிக்கொடுத்தவரே முகாம்காரர்தான்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் (‘ஆஃபர்’ என்றால்தான் முகாம்களில் தெரியும்) அகதிகளே கூடி நடத்துவது. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்துக்கு வந்து நம்ம ஆட்களுக்கு ஆறுதல் சொன்னவர்களில் இந்த அகதிகளும் இருந்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகமிருக்கு?

என் வேலை எக்ஸெல். பெயர், பிறந்த தேதி, கடைசிக் கட்டத்தில் பிறப்புச் சான்றிதழ் உண்டா, இல்லையா. சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு பிள்ளை எந்த நாட்டுக்காரன் என்பது அந்தக் கட்டத்தில்தான் தொங்குகிறது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, தனி அகதிச் சட்டமும் இல்லை. முகாமில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் பிறப்பைத் தூதரகத்தில் பதியணும். அதற்கும் முதலில் சான்றிதழ் வேண்டும். 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். சந்தோஷம், சட்டம் மாறவில்லை.

1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அதே முகாமில், அதே பெற்றோருக்கு, அந்த ஆகஸ்டில் பிறக்கும் தம்பிக்கு அது கிடையாது.