கார்வெட்டின் நான்கு பெட்டிகள்

1980-களில் ஓடிய செவர்லே கார்வெட் ஒன்றின் கதவுப் பலகையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்தால் சில சமயம் மீன் வாடை அடிக்கும். ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை வைத்ததும் அந்த வாடை இன்னும் கூடும். கெட்டுப்போன மின்தேக்கி கசியவிட்ட திரவத்தின் வாடை அது. நம்மூர் பழைய ரேடியோ மெக்கானிக்குகள் ‘கண்டென்சர்’ என்பார்களே, அதேதான். அந்தத் திரவம் பட்ட இடமெல்லாம் மின்சுற்றுப் பலகையின் செம்புத் தடம் பச்சை பூத்து அரிக்கப்பட்டிருக்கும்.

காரில் பாட்டு கேட்கும் வழக்கம் இதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. கால்வின் சகோதரர்கள் சிகாகோவில் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கியது 1930-ல். அதன்பின் வெகுகாலம் கார் ஸ்பீக்கர் என்பது டாஷ்போர்டுக்குள் எங்கோ திணித்த ஒரு காகிதக் கோன்தான். கெட்டால் இரண்டு கம்பியை அவிழ்த்து வேறொன்றை மாட்டிவிடலாம். அந்த எளிமையைக் குலைத்தவர் ஒரு வங்காளியின் மகன்.

அமர் போஸின் தந்தை நோனி கோபால் போஸ், ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடி, தப்பி அமெரிக்கா சென்றவர். இரண்டாம் உலகப் போரில் தந்தையின் இறக்குமதி வியாபாரம் படுத்துப்போக, பள்ளிச் சிறுவனான அமர் ஃபிலடெல்ஃபியாவில் ரேடியோ ரிப்பேர் செய்து குடும்பத்துக்குக் கைகொடுத்தார். பிறகு எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். 1964-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். வீட்டு ஸ்பீக்கரில் பேர் வாங்கிய பிறகு, ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ பிரிவோடு சேர்ந்து காருக்குள் புகுந்தார்.

காரை ஒரு கெட்ட அறையாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கண்ணாடி ஒலியைத் திருப்பி அடிக்கிறது, இருக்கையும் கம்பளமும் விழுங்குகின்றன, கேட்பவரோ ஒரு கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். போஸ் இதைப் புரட்டிப் பார்த்தார். வீட்டில் யார் எங்கே உட்காருவார் என்று ஸ்பீக்கர் செய்பவருக்குத் தெரியாது. காரில் தெரியும்! இருக்கை, கண்ணாடி, கதவு எல்லாம் வரைபடத்திலேயே இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக அளந்து ஒலியைத் திருத்தலாம். 1983 மாடல் காடிலாக் செவில் போன்ற கார்களில் முதலில் வந்த இந்த ஏற்பாடு, அடுத்த ஆண்டு மாடலான புதிய கார்வெட்டுக்கும் வந்தது. கார் 21,800 டாலர். ஸ்டீரியோவுக்கு மட்டும் கூடுதலாக 895 டாலர். கதவுக்கு ஒன்று, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு என நான்கு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதற்கென்றே ஒரு ஆம்ப்ளிஃபயர்.

காருக்கு வயதானபோது சிக்கல் அங்கேதான் முளைத்தது. பின்பக்கம் முழுக்க அகன்ற கண்ணாடி. வெயிலில் நிறுத்தினால் அதன் கீழிருக்கும் பெட்டிகள் வெந்துபோகும். கண்டென்சர் கசியும், ‘பட் பட்’ என்ற வெடிப்பும் இரைச்சலும் கேட்கும், பிறகு ஒவ்வொரு மூலையாக ஊமையாகும். உரிமையாளர் கடைக்குப் போய் சாதாரண ஸ்பீக்கர் வாங்கி மாட்டினால், பாட்டு ஈனசுரத்தில்தான் வரும். கடையில் கிடைப்பது 4 ஓம். இந்த ஆம்ப்ளிஃபயரோ அதைவிட மிகக் குறைந்த ஓமுக்காகச் செய்யப்பட்டது. சரி, புது ரேடியோ வாங்கலாமென்றால், பழைய ரேடியோ பெட்டிகளுக்கு அனுப்பியது சின்ன சிக்னலை மட்டும்; புதியதன் ஸ்பீக்கர் கம்பியை நேராக இணைத்தால் ஒலி சிதையும். ஒன்றைத் தொட்டால் நான்கையும் தொட வேண்டிய நிலை.

பலர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுப் புதுக் கம்பி இழுத்தார்கள். காரை தினமும் ஓட்டுபவருக்கு அது நியாயமான வழிதான். ஆனால் அந்தக் காரின் கதவுக்கும் கண்ணாடிக்கும் என்றே அளந்து செய்த ஒலி அதோடு போய்விடுகிறது. அதைக் காப்பாற்ற விரும்பியவர்களால்தான் பழுதுபார்க்கும் தொழில் ஒன்று வளர்ந்தது: பெட்டியைப் பார்சலில் அனுப்பினால், மின்சுற்றுப் பலகையைக் கழுவி, அரித்த தடத்துக்குப் பதில் மெல்லிய கம்பி ஒட்டி, 105 டிகிரி வெப்பம் தாங்கும் கண்டென்சர்களை வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அந்தக் காலத்து வேறு பல கார்களில் முதலில் போவது கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம். ஈரமும் சூடும் பட்டு, விரல் வைத்தாலே பொடியாக உதிரும். பழைய பசையைச் சுரண்டி, புது வளையத்தை முதலில் கோனில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக அழுத்திப் பார்க்கிறார்கள். கோனோடு சேர்ந்த கம்பிச்சுருள் காந்தத்தில் உரசாமல் சத்தமின்றி உள்ளே போய் வந்தால் வேலை சரி. லேசாக ‘சர்ர்’ என்றாலும் நகர்த்தி ஒட்ட வேண்டும்.

இப்படி ஒரு பழைய கார் கைக்கு வந்தவர்கள், செத்த ஸ்பீக்கரைப் பெட்டியோடு குப்பையில் போட்டுவிட வேண்டாம். கண்டென்சரும் ஃபோம் வளையமும் சில டாலர்களுக்குக் கிடைக்கின்றன. அந்தக் கதவுக்கென்று வார்த்த பெட்டி அப்படிக் கிடைப்பதில்லை.