மேடையிலிருந்து திரைக்கு

மேடை நாடகம் படமாகும்போது அதன் கடிவாளம் யார் கைக்குப் போகிறது? அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரின் பழைய வினா இது.

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தை 1959இல் நெறிப்படுத்தியவர் கறுப்பினக் கலைஞரான லொயிட் ரிச்சர்ட்ஸ். 1961இல் அது படமானது. திரைக்கதையை ஹான்ஸ்பெரியே எழுதினார். இயக்கும் பொறுப்போ வெள்ளையரான டேனியல் பெட்ரியிடம் சென்றது.

இந்நிலைக்கு இணங்க மறுத்தவர் ஒகஸ்ட் வில்சன். 1987இல் புலிட்சர் பரிசு பெற்ற தமது ‘ஃபென்சஸ்’ நாடகத்தைக் கறுப்பினத்தவரே இயக்கவேண்டும் என்றார். தோலின் நிறத்தையன்று, வாழ்ந்தறிந்த பண்பாட்டையே அளவுகோலாக வைத்தார். 2005இல் அவர் மறைந்தார். டென்சல் வொஷிங்டன் இயக்கிய படம் 2016இல்தான் வந்தது. வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களுக்கு அப்பிடிவாதம் நியாயமே.

ஆயினும் பிறப்பு ஒன்றே தகுதியாகிவிடுமா? 1977இல் யாழ்ப்பாண வாழ்வைப் ‘பொன்மணி’யாக்கிய தர்மசேன பத்திராஜ சிங்களவர், அம்மண்ணில் விரிவுரையாளராக இருந்தவர். எழுத்து காவலூர் இராஜதுரையினுடையது.

கல்முனைக் கரையின் வயலையும் கடலையும் முஸ்லிம் வீட்டு முற்றத்தையும் நாளை எவரேனும் படமாக்க வரலாம். அவர் எவ்வினத்தவர் என்பதோடு நின்றுவிடாது, நம்மோடு எவ்வளவு பழகினார், பேனா யார் கையில் இருக்கிறது என்றும் கேட்போம்.