சிறுவாய்ச் சுழல்துப்பாக்கியின் வரலாறும் பெறுமதியும்

பழம்பொருளொன்றின் பெறுமதி அதன் உலோகத்திலோ வேலைப்பாட்டிலோ மாத்திரம் தங்கியிருப்பதில்லை. அதனைத் தோற்றுவித்த சமூகச் சூழலும், அதன் உற்பத்தியை நெறிப்படுத்திய சட்ட, பொருளாதார உறவுகளும் சேர்ந்தே அப்பெறுமதியை நிர்ணயிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் தோன்றிய .22 அங்குலச் சுழல்துப்பாக்கிகள் இதற்குத் தக்க உதாரணமாகும். இவற்றைச் சேகரிப்போர் இரு வினாக்களை எழுப்புவர். இதன் விலை யாது? இதனைச் சுடலாமா? இரண்டுக்கும் விடையை வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும்.

சாமுவேல் கோல்ற் 1836 இல் சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். அவரது துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் உருளையின் முன்புறமாக இட்டு, பின்புறத்தில் கேப்புகளைப் பொருத்த வேண்டியிருந்தது. நீடிக்கப்பட்ட அவ்வுரிமை 1857 இல் முடிவடைந்தது. அத்தருணத்தை எதிர்நோக்கியிருந்த ஹொறஸ் ஸ்மித், டானியல் வெசன் ஆகியோர் மருந்து, குண்டு, தீமூட்டி மூன்றும் ஒன்றாயமைந்த உலோக ரவையைப் பயன்படுத்த விரும்பினர். அதற்கு உருளையின் அறைகள் முன்னும் பின்னும் திறந்திருத்தல் அவசியம். அவ்வமைப்புக்கான உரிமையோ 1855 ஏப்ரல் 3 ஆந் திகதியே றொலின் வைற் என்பவருக்கு வழங்கப்பட்டிருந்தது. 1856 இல் இரு பங்காளிகளும் அவருடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். துப்பாக்கி ஒன்றுக்கு 25 சதம் அவருக்குக் கிடைக்கும். ஆனால் உரிமையை மீறுவோர் மீது வழக்காடும் செலவு அவரையே சாரும்.

இவ்வாறு 1857 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஏழு ரவைகள் கொள்ளும் முதலாம் மாதிரி உருவாயிற்று. அதன் செப்புக்கோது ரவையில் ஏறத்தாழ 4 கிறெயின் கரிமருந்தே இருந்தது. அச்சிறு வெடிப்பிலும் மென்மையான கோதின் அடிப்பகுதி புடைத்து உருளையின் சுழற்சியைத் தடுத்தது. அதனைச் சமாளிக்க, ஆரம்பத் துப்பாக்கிகளில் உருளையின் பின்னால் சுழலும் தகடொன்று பொருத்தப்பட்டது.

1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் இதற்கான கேள்வி பெருகியது. பிற உற்பத்தியாளரும் இவ்வமைப்பைப் பின்பற்ற முயன்றனர். 1863 இல் நீதிமன்றம் வைற்றின் உரிமையை உறுதிசெய்தது. சிலர் தம் துப்பாக்கிகளில் ஸ்மித் அன்ட் வெசனுக்காகச் செய்யப்பட்டவை எனப் பொறிக்க நேர்ந்தது. வேறு சிலர் முன்புறமாக இடும் விசித்திரமான ரவைகளை வகுத்துச் சட்டத்தைத் தவிர்க்க முயன்றனர். போர் முடியும்வரை படைவீரரின் கைகளில் பெரும்பாலும் கேப்புமுறைச் சுழல்துப்பாக்கிகளே இருந்தமைக்கு இத்தனியுரிமையும் முக்கிய காரணமாகும். 1869 இல் உரிமை காலாவதியாயிற்று. அதனை நீடிக்க வழிசெய்யும் சட்டமூலத்தை 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிறான்ற் தடுத்து நிறுத்தினார். அதன்பின் மலிவான சிறு துப்பாக்கிகள் சந்தையில் பெருகின. பலவற்றில் செய்தவரின் பெயரே இருக்கவில்லை.

இவ்வரலாறே பெறுமதியின் அளவுகோலாகிறது. முதலாம் மாதிரியின் முதல் வெளியீடு 1860 வரை ஏறக்குறைய 11,700 மாத்திரமே செய்யப்பட்டது. இரண்டாம் வெளியீடு 1868 வரை ஏறக்குறைய 115,000 ஆகவும், அதன்பின் வந்த மூன்றாம் வெளியீடு 130,000 க்கு மேலாகவும் அமைந்தன. வட்டமான பக்கங்களையுடைய பித்தளைச் சட்டகம் முதலாவதற்கும், தட்டையான பக்கங்கள் இரண்டாவதற்கும், இரும்புச் சட்டகமும் வரிப்பள்ளமிட்ட உருளையும் மூன்றாவதற்கும் அடையாளங்களாகும். தொடரிலக்கம், பாகங்களின் ஒற்றுமை, மூலப்பூச்சு, மூலப்பெட்டி என்பன அடுத்து நோக்கப்படும். தேய்ந்த பூச்சை அகற்றிப் புதுமெருகிடுவோர் பெறுமதியைக் கூட்டுவதாக எண்ணிக் குறைத்துவிடுகின்றனர். அழிக்கப்படுவது துப்பாக்கியின் சாட்சியமாகும். சட்டமும் விலையைப் பாதிக்கிறது. அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கருதுகிறது. பிற நாடுகளின் விதிகள் வேறு.

சுடும் வினா இதனினும் பாரதூரமானது. 1857 இல் அறிமுகமான .22 குறு ரவை இன்றும் உற்பத்தி செய்யப்படுகிறது. பெயரும் அளவும் மாறாமையால் இக்கால ரவை பழைய அறையினுள் எளிதில் நுழையும். அபாயம் அங்குதான் உள்ளது. 1884 இல் பிரான்சில் போல் வியேய் உருவாக்கிய புகையில்லா மருந்தின் வழிவந்த இன்றைய மருந்துகள், கரிமருந்துக்கென அமைந்த பித்தளையும் மென்னிரும்பும் தாங்கவியலாத அமுக்கத்தைத் தோற்றுவிக்கக்கூடும். உருளை பிளந்தால் இழக்கப்படுவது பழம்பொருள் மாத்திரமன்று. கையும் கண்ணும் இழக்கப்படலாம். ஆகவே இக்கால ரவைகளை இதில் இடலாகாது. சுட்டே ஆகவேண்டுமெனின், அறைகள் குழலுடன் நேர்ப்படுகின்றனவா, வெடிப்புகள் உளவா என்பதைத் தேர்ந்த துப்பாக்கி வல்லுநர் சோதித்தபின், கரிமருந்து ரவையையே பயன்படுத்துதல் வேண்டும். சுட்டபின் கரிமருந்தின் அரிக்கும் எச்சங்களை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட வேண்டும். கையாளுமுன் குழலை மேல்நோக்கி மடித்து உருளையைக் கழற்றி, ஏழு அறைகளும் வெறுமையாக உள்ளனவா எனப் பார்த்தல் முதற் கடமையாகும். அரிய வெளியீடுகளைச் சுடாதிருத்தலே விவேகமாகும்.

பெறுமதியை மதிப்பிடுவோனுக்கும் அபாயத்தை மதிப்பிடுவோனுக்கும் வேண்டப்படுவது ஒரே அறிவாகும். எந்த ஆண்டில், எந்த உலோகத்தில், எந்த மருந்துக்காக இக்கருவி செய்யப்பட்டது என்பதே அவ்வறிவு. அதனை அறியாதவன் அரும்பொருளை மலிவாக விற்றுவிடுவான்; அல்லது அதனைக் கையில் ஏந்தித் தன்னையே ஊனப்படுத்திக்கொள்வான்.