பைத்தான் அமைவுக் கோப்புகளும் தமிழ் எழுத்தும்

நிரலுக்குள் எழுதாமல் வெளியே தனியாக வைக்கப்படும் விவரங்களைக் கொண்டது அமைவுக் கோப்பு. வழக்கில் இது கான்ஃபிக் ஃபைல் எனப்படும். ஆலையின் பெயரோ தரவுத்தள முகவரியோ மாறினால், நிரலைத் தொடாமல் இக்கோப்பை மட்டும் திருத்தினால் போதும்.

பைத்தானில் இதற்கான கான்ஃபிக்பார்சர் 1990களிலேயே இடம்பெற்றது. அது படிப்பது விண்டோஸால் பரவலான ஐஎன்ஐ வடிவத்தை: சதுர அடைப்புக்குள் பகுதித் தலைப்பு, கீழே பெயரும் மதிப்பும். எளிய வடிவம்தான். ஆனால் கோப்பு எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. 2008இல் வந்த பைத்தான் 3 உரை முழுவதையும் யுனிகோடாகக் கொண்டது. எனினும், குறியாக்கத்தைக் குறிப்பிடாமல் கோப்பைத் திறந்தால் அந்தந்தக் கணினியின் வழக்கத்தையே பின்பற்றியது. லினக்சில் அது பெரும்பாலும் யுடிஎஃப்-8. பல விண்டோஸ் கணினிகளில் விண்டோஸ்-1252.

தமிழுக்குச் சிக்கல் இங்கேதான். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'இருங்காட்டுக்கோட்டை' என்னும் ஊர்ப்பெயரில் 19 குறிகள், 57 பைட்டுகள். உகரக் குறியின் கடைசி பைட் 81, புள்ளியினுடையது 8டி (பதினறும எண்கள்). இவ்விரண்டுக்கும் விண்டோஸ்-1252இல் எழுத்தே இல்லை. ஆகவே 'இரு' என்பதைத் தாண்டுமுன் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். 'கடல்' என்றாலும் புள்ளியில் நிற்கும். 'மணி' போன்ற சொல் பிழையின்றிக் கடந்து, வேற்று எழுத்துகளாகச் சிதைந்து உள்ளே போகும். நின்றுவிடுவதைவிட இதுவே ஆபத்தானது. உடனே யாருக்கும் தெரியாது.

2011இல் வெளியான பைத்தான் 3.2, கான்ஃபிக்பார்சரிடம் குறியாக்கத்தைச் சொல்ல வழி தந்தது. சொல்ல மறந்தால் பழைய கதைதான். ஜேசனுக்கு மாறியோர் வேறொன்றைக் கண்டனர்: பைத்தான் தன் வழக்கப்படி எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 6 எழுத்துள்ள எண்கோவையாகிவிடும். கணினி சரியாகப் படிக்கும், மனிதரால் திருத்த முடியாது.

2013இல் டாம் பிரஸ்டன்-வெர்னர் உருவாக்கிய டாமல் வடிவம் யுடிஎஃப்-8ஐக் கட்டாயமாக்கியது. 2016இல் பெப் 518 பைத்தான் திட்டங்களுக்கு 'பைப்ராஜெக்ட்.டாமல்' கோப்பை அறிமுகப்படுத்தியது. 2022இல் பைத்தான் 3.11உடன் வந்த டாம்லிப், கோப்பை உரையாகத் திறந்து கொடுத்தால் ஏற்காது. பைட்டுகளாகவே கேட்டு வாங்கித் தானே யுடிஎஃப்-8ஆகப் படிக்கும். கண்டிப்பு போலத் தோன்றினாலும் இதனால் மறதிக்கே இடமில்லை.

ஒரு குறை உண்டு. டாமல் 1.0இல் மதிப்புகளைத் தமிழில் தடையின்றி எழுதலாம். 'ஆலை', 'இடம்' போன்ற பெயர்களைத் தமிழில் வைக்க வேண்டுமானால் அவற்றை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும்.